சாயச் சூரியக் கலமும் துணைப் பொருள்களும்

சூரிய ஒளியை மின்சாரமாக்கும் கலங்களுள் சாயத்தால் இயங்குவது ஒன்று உண்டு. ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய மைக்கேல் கிரேட்செல், பிரையன் ஒரீகன் என்னும் இருவர் 1991ஆம் ஆண்டில் அதன் வெற்றியை உலகிற்கு அறிவித்தனர். அன்று அது விழும் ஒளியாற்றலில் 7 விழுக்காட்டைச் சற்றே தாண்டி மின்னாக்கியது. இரண்டே ஆண்டுகளில், 1993இல், 10 விழுக்காட்டை எட்டியது. புதிய சாயம் இதற்கு ஒரு காரணம்; அப்புகழில் பங்கு பெறவேண்டிய மற்றொன்று, கண்ணுக்குப் புலனாகும் ஒளியை வாங்கவே வாங்காத ஒரு திரவம்!

முதலில் கலத்தின் அமைப்பைக் காண்போம். வெள்ளை வண்ணப்பூச்சில் கலக்கும் டைட்டேனியம் டை ஆக்ஸைடின் நுண்துகள்களை, மின்கடத்தும் பூச்சுடைய கண்ணாடியின்மேல் படலமாகப் பூசிச் சுடுகிறார்கள். படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. ஆயினும் துளை நிறைந்ததாதலின் அதன் உட்பரப்பு பல நூறு மடங்கு பெருகி நிற்கும். அப்பரப்பில் சாய மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். அவற்றைச் சூழ அயோடைடுக் கரைசல் இருக்கும். ஒளி பட்டதும் சாயம் ஓர் எலெக்ட்ரானை ஆக்ஸைடினுள் தள்ளுகிறது. அது வெளிச்சுற்றில் வேலை செய்து, எதிர்த்தகட்டின் வழியே கரைசலை அடைய, கரைசல் சாயத்தின் இழப்பை ஈடுசெய்கிறது.

இதனை ஏற்றம் இறைப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாயம் ஏற்றம், ஆக்ஸைடு மேட்டு வாய்க்கால், கரைசல் கிணறு. கிணற்று நீர்மட்டத்திலிருந்து வாய்க்கால் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அதனைப் பொறுத்தது மின்னழுத்தம். பாயும் நீரின் அளவு மின்னோட்டம். கரை கசிந்தால் நீர் வயலுக்குப் போகாமல் கிணற்றுக்கே திரும்பிவிடும் அன்றோ? கலத்திலும் அக்கசிவு உண்டு. சாயம் மூடாத இடங்களில் எலெக்ட்ரான்கள் கரைசலிலுள்ள டிரை அயோடைடை நேரே சென்றடைந்து வீணாகின்றன.

நான் கூறிய திரவம் டெர்ட் பியூட்டைல் பிரிடின். பெயரைக் கண்டு அஞ்ச வேண்டா. வகுப்பறையிலேயே தலைநரைத்த எனக்கும் அது நாவில் சற்றுத் தடுக்கத்தான் செய்கிறது. அதன் நைட்ரஜன் அணுவில் பிணைப்பிற்படாத எலெக்ட்ரான் இணை ஒன்று உண்டு. அதனால் அது டைட்டேனியம் அணுக்களைப் பற்றிக்கொண்டு, கரைக்குக் களிமண் பூசியதுபோலக் கசிவைத் தடுக்கிறது. அதோடு நில்லாமல் வாய்க்காலையே சற்று உயர்த்தியும் விடுகிறது. இவ்விரண்டாலும் மின்னழுத்தம் ஏறுகிறது. லிட்டருக்கு அரை மோல் அளவில் இதனைச் சேர்ப்பது வழக்கம்.

அளவு மிகுந்தாலோ, வாய்க்கால் ஏற்றம் எட்டும் உயரத்தை நெருங்கிவிடும், நீர் சரிவரக் கொட்டாது, மின்னோட்டம் குறையும். லித்தியம் உப்பின் செயல் இதற்கு நேர்மாறு. அது வாய்க்காலைத் தாழ்த்துவதால் நீர் எளிதில் கொட்டும், உயரமோ போய்விடும். ஆகவே இரண்டையும் அளவறிந்து கலக்கிறார்கள். 2011இல், அயோடைடை விடுத்துக் கோபால்ட் சேர்மத்தைக் கொண்டு 12 விழுக்காட்டைக் கடந்த கலத்திலும் இவ்விரண்டும் இடம் பெற்றன.

மற்றொரு துணைப் பொருள் நம் கல்லீரலிலேயே உண்டாவது! கீனோ டி ஆக்ஸி கோலிக் அமிலம் என்னும் பித்த அமிலந்தான் அது. சாய மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கிக்கொண்டால், வாங்கிய ஒளியாற்றலில் ஒரு பகுதி எலெக்ட்ரானைத் தள்ளாமல் வெப்பமாகக் கழிந்துவிடும். இவ்வமிலம் இடையே சென்றமர்ந்து அவற்றை விலக்கி வைக்கிறது. ஆனால் அது அமரும் இடம் சாயத்திற்குரிய இடம். போர்ஃபிரின் போன்று எளிதில் அடுக்கும் சாயங்களில் இதனால் ஆதாயம் மிகுதி. அவ்வியல்பு குன்றிய சாயங்களில், குறைந்துபோன சாயத்தால் வரும் நட்டமே மேலோங்குவதும் உண்டு.