அக்காவைக் கொன்ற கையில் ராக்கி

கொலையாளியை மன்னித்ததோடு நிற்காமல், அவரோடு உறவும் கொண்டாடியது ஒரு கேரளக் குடும்பம்

1995 பிப்ரவரி 25. மத்தியப் பிரதேசத்தின் உதய்நகரிலிருந்து இந்தூருக்குப் போய்க்கொண்டிருந்த பேருந்தில், கன்னியாஸ்திரீ ராணி மரியாவைக் கத்தியால் குத்தினார் சமுந்தர் சிங் என்ற இளைஞர். வெளியே இழுத்துப் போட்ட பிறகும் குத்துவது நிற்கவில்லை. உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். தடுக்க யாரும் முன்வரவில்லை.

1954இல் கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த ராணி மரியா, பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். உதய்நகர் வட்டாரத்து ஏழை விவசாயிகளும் நிலமற்ற கூலிகளும் வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீள வழிகாட்டியவர். அதனால் ஆத்திரமடைந்தவர்களே தன்னைத் தூண்டிவிட்டதாகச் சமுந்தர் பின்னாளில் கூறினார். அவருக்குக் கிடைத்தது ஆயுள் தண்டனை.

வழக்கு அதோடு முடிந்தது; உறவு அதன் பிறகே தொடங்கியது.

2002இல் ரட்சா பந்தன் சமயத்தில், ராணி மரியாவின் தங்கை செல்மி பால் இந்தூர் சிறைக்குச் சென்றார். அவரும் அதே சபையின் கன்னியாஸ்திரீ. அக்காவைக் குத்திய கையில் ராக்கி கட்டினார். வட இந்தியாவில் அந்தக் கயிற்றுக்குக் கனம் அதிகம். கட்டியவர் சகோதரி, கட்டிக்கொண்டவர் அவரைக் காக்கக் கடமைப்பட்டவர். 'மன்னித்தேன்' என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பியிருந்தால் விஷயம் அன்றோடு போயிருக்கும். ராக்கி கட்டினாலோ மறு ஆண்டும் கட்ட வேண்டும்.

அடுத்த ஆண்டு தாய் ஏலீஸ்வாவும் வந்தார்; மகளின் ரத்தம் படிந்த கைகளை முத்தமிட்டார். சமுந்தரை விடுவிக்கக் கோரும் மனுவில் குடும்பத்தார் கையெழுத்திட்டனர். 2006இல் விடுதலையான சமுந்தர், பின்னர் புல்லுவழிக்கே போய் அந்தப் பெற்றோரைப் பார்த்து வந்தார்.

குற்றவாளிக்கு இவ்வளவு சலுகையா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் நடந்தது கொலைதான் என்பதை அந்தக் குடும்பம் மறைக்கவுமில்லை, பூசி மெழுகவுமில்லை. சுமார் 11 ஆண்டுச் சிறைக்குப் பிறகே கதவு திறந்தது. வரவேண்டிய கடன் எவ்வளவு என்று தெரிந்தும் அதை வசூலிக்காமல் விட்டவர்கள் அவர்கள்.

கடவுளின் குணமாகக் கிறிஸ்தவம் சொல்வது இரக்கத்தை. கர்த்தர் கற்பித்த ஜெபத்திலோ அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு: மன்னிப்புக் கேட்பவர், தனக்குத் தீங்கு செய்தவரை மன்னித்தாக வேண்டும். ஞாயிறுதோறும் அதைச் சொல்பவர்களில், வரப்புத் தகராறில் அண்ணனோடு பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு. பாகம் பிரித்த நாள் முதல் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கும் போகாதவர்கள் உண்டு. அவர்கள் முன் நிற்கிறது புல்லுவழிக் குடும்பம்.

2017 நவம்பர் 4 அன்று, புனிதர் நிலைக்கு முந்தைய படியான 'அருளாளர்' நிலைக்கு ராணி மரியாவை உயர்த்தும் விழா இந்தூரில் நடந்தது. வந்திருந்தவர்களில் சமுந்தர் சிங்கும் ஒருவர்.