கட்டியை மட்டுமா, மார்பையேவா?

மார்பில் தட்டுப்பட்ட கட்டி புற்றுநோய்தான் என்று பயொப்சி முடிவு வந்ததும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அடிக்கடி எழும் பேச்சு இது: "முழுசா எடுத்து விடுங்கோ டொக்டர், மிச்சம் வைக்க வேண்டாம்." பயத்தில் வரும் அவசரம், குறை சொல்ல முடியாது. ஆனால் ஆரம்ப நிலையில், கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தாலும், மார்பையே அகற்றினாலும் ஆயுளில் வித்தியாசமில்லை. மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரொனேசி 701 பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு, 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2002இல் இதை உறுதிசெய்தது.

அப்படியானால் சத்திரசிகிச்சை நிபுணர் தெரிந்துகொள்ள வேண்டியது, நோய் எவ்வளவு இடத்தில் இருக்கிறது என்பதே. அதே மார்பின் இன்னொரு மூலையிலும் உண்டா? மற்ற மார்பிலும் உண்டா? பெரும்பாலானோருக்கு மமோகிராமும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானும் இதற்குப் போதும். போதாத இடத்தில்தான் எம்.ஆர்.ஐ. வருகிறது.

தலைக்கோ முதுகுக்கோ எம்.ஆர்.ஐ. எடுப்பவர் மல்லாந்து படுப்பார். மார்புக்கு எடுப்பவர் குப்புறப் படுக்க வேண்டும். மேசையில் உள்ள இரண்டு குழிகளுக்குள் மார்புகள் அழுத்தமின்றித் தொங்கும். சமிக்ஞையைப் பிடிக்கும் சுருள்கள் அவற்றைச் சூழ்ந்திருக்கும். ஏறத்தாழ அரைமணி நேரம், இயந்திரத்தின் பெரும் இரைச்சலுக்கு நடுவே, அசையாமல் கிடக்க வேண்டும். எக்ஸ்ரே கதிர் எதுவும் இல்லை. முதலில் சில படங்கள் எடுத்தபின் கை நரம்பு வழியாகக் கடோலினியம் கலந்த மருந்தை ஏற்றி, அடுத்த சில நிமிடங்களுக்குத் திரும்பத் திரும்பப் படமெடுப்பார்கள். புற்றுக்கட்டி தனக்கென்று அவசரமாகக் கட்டிக்கொள்ளும் இரத்தக்குழாய்களின் சுவர் கசியும். அதனால் மருந்து அங்கே முதல் இரண்டு நிமிடங்களுக்குள் நிறைந்து, பல வேளைகளில் விரைவாகவே வடிந்தும் விடுகிறது. நல்ல சதையில் அது மெல்ல ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கதிரியல் நிபுணர் கோடாக வரைந்து படிக்கிறார். மாதவிடாய் வரும் பெண்களில் சுரப்புகளின் பாதிப்பால் நல்ல சதையும் மருந்தை உறிஞ்சிக் குழப்பும்; ஆகவே அவசரமில்லாதபோது மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் வரச் சொல்வார்கள்.

இந்தக் கண் கூர்மையானது. அதுவே சிக்கலும்கூட. தீங்கற்ற கட்டிகளும் மருந்தை உறிஞ்சும். 2008இல் நெஹ்மத் ஹுசாமி குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 16 சதவீதப் பெண்களில் மற்றச் சோதனைகளுக்குத் தெரியாத புற்றுநோயை எம்.ஆர்.ஐ. காட்டியிருந்தது. ஆனால் அது சந்தேகப்பட்ட இடங்களில் சுமார் மூன்றில் ஒன்று புற்றுநோயே அல்ல.

எல்லோருக்கும் எடுத்தால் நன்மை உண்டா? பிரித்தானியாவில் 1,623 பெண்கள் பங்குபற்றிய கோமிஸ் ஆய்வு 2010இல் வெளிவந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் மறு சத்திரசிகிச்சை தேவைப்பட்டது 19 சதவீதம்தான். சுவீடனில் 56 வயதுக்குட்பட்ட 440 பெண்களில் நடந்த ஆய்வோ 15 சதவீதம் 5 ஆகக் குறைந்ததாக 2014இல் கூறியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில், ஆளைப் பார்த்து எடுப்பதே சரி என்று எனக்குப் படுகிறது.

யாருக்கு? முதலில் லோபியுலர் வகைக்காரருக்கு. இதன் கலங்கள் கட்டியாகத் திரளாமல், தோட்டத்து மண்ணுக்குள் ஓடும் அறுகம்புல் போல ஒற்றை வரிசையாகப் பரவும். மமோகிராமில் பாதிகூடத் தெரியாமல் போகலாம். அக்குளில் நெறி கட்டியிருந்தும் மார்பில் மூலக்கட்டி பிடிபடாதவருக்கும், மார்புப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவருக்கும், மருந்தேற்றிக் கட்டியைச் சுருக்கிய பின் சத்திரசிகிச்சைக்குப் போகிறவருக்கும் இது பயன்படும்.

குடாநாட்டில் இந்தத் தீர்மானத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மார்பைக் காப்பாற்றினால் கதிர்ச் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாளாகச் சில வாரங்கள் போய்வர வேண்டும். முன்பு பலர் இதற்கென்றே மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்த் தங்கினார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் பலர் நடந்து திரட்டிய நிதியில் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை அந்தத் தூரத்தைக் குறைத்தது. இருந்தாலும் நெடுந்தீவுப் பெண்ணுக்குக் குறிகட்டுவான் படகும் அங்கிருந்து பஸ்ஸும் மிச்சமிருக்கின்றன. படத்தில் எத்தனை புள்ளிகள் தெரிகின்றன என்பதோடு இதையும் சேர்த்துத்தான் நிபுணர் அவளோடு பேச வேண்டும்.

அறிக்கையில் "வேறொரு இடத்திலும் சந்தேகம்" என்று வந்தால், அந்த ஒரு வரிக்காக மார்பை எடுக்கக் கூடாது. அந்த இடத்தைக் குறிவைத்து மறுபடி அல்ட்ராசவுண்ட் செய்து, ஊசியால் துண்டெடுத்துச் சோதிக்க வேண்டும். அல்ட்ராசவுண்டில் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. வழிகாட்டலிலேயே எடுக்கலாம். கிளினிக்குக்குக் கூடப் போகும் மகளோ தங்கச்சியோ, "அந்த இரண்டாவது இடத்திலும் பயொப்சி செய்தாச்சோ டொக்டர்?" என்று தயங்காமல் கேட்கலாம். அந்த முடிவுக்காக ஓரிரு வாரம் சத்திரசிகிச்சை தள்ளிப்போனால் பொதுவாக நோய் கைமீறிப் போய்விடாது.