பிளாஸ்டிக்கும் ஒளியும்: கோலார் தங்கவயலில் நியூட்ரினோவின் தடயத்தைக் காட்டிய தகடுகள்

கோலார் தங்கவயல்: தங்கத்திற்காகத் தோண்டப்பட்ட சுரங்கத்தில், நிலத்துக்குக் கீழே 2 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1965-ஆம் ஆண்டு நியூட்ரினோவின் தடயம் பதிவானது. அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் இத்துகளைக் கண்டறிய உதவிய கருவிகளில் முக்கியமானவை பிளாஸ்டிக் தகடுகள்.

சுரங்கம் ஏன்?

நிலப்பரப்பில் மியூவான் துகள்கள் இடைவிடாமல் பொழிகின்றன. அவற்றுக்கிடையே நியூட்ரினோவின் தடயத்தைப் பிரித்தறிவது மிகக் கடினம். ஆழத்தில் பாறை பெரும்பாலான மியூவான்களைத் தடுத்துவிடும். எஞ்சியவை ஏறக்குறைய செங்குத்தாகவே இறங்கும். எனவே, பக்கவாட்டில் பாயும் மியூவான், அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதியதால் பிறந்தது எனக் கொள்ளலாம். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து இந்த ஆய்வை நடத்தின.

பிளாஸ்டிக் ஒளிர்வது எப்படி?

பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணைந்த பொருள். பாலிஸ்டைரீன் போன்ற பாலிமருடன் ஒளிரும் வேதிப்பொருளைச் சிறிதளவு கலந்தால் 'சிண்டிலேட்டர்' கிடைக்கும். மின்னூட்டமுள்ள துகள் ஊடுருவும்போது பாலிமர் பெறும் ஆற்றல் அந்த வேதிப்பொருளுக்குச் சென்று, நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்தில் மெல்லிய நீல ஒளியாக வெளிப்படும். ஒளிப்பெருக்கிக் குழாய் அதனை மின் சமிக்ஞையாக மாற்றும்.

ஒளியால் மாறும் பாலிமர்

ஒளியைத் தரும் இந்த பிளாஸ்டிக்கை ஒளியே கெடுக்கவும் கூடும். புற ஊதாக் கதிர் பாலிமர் சங்கிலியின் பிணைப்புகளை உடைக்கும். ஆக்சிஜன் சேர, பிளாஸ்டிக் மஞ்சளாகி வெடிப்புறும். தெளிவு குறைந்த தகடு தனது ஒளியைத் தானே விழுங்கிவிடும். மெல்லிய ஒளியை வெளிவெளிச்சம் மறைத்துவிடாதவாறு சிண்டிலேட்டர்களைக் கறுப்பு உறையிட்டு மூடுகின்றனர்.

அளவறிந்து செலுத்தினால் ஒளி பிணைப்புகளை உருவாக்கவும் செய்யும். பல் மருத்துவர் சொத்தைப் பல்லை அடைத்ததும் நீல விளக்கைக் காட்டுவது இதற்காகவே. மென்மையான பிசின் சில நொடிகளில் கல்லைப் போல இறுகிவிடும். ஒருவகை முப்பரிமாண அச்சு இயந்திரங்களும் இம்முறையிலேயே இயங்குகின்றன.

மூடப்பட்ட வாசல்

கோலாரின் ஆழ்நில ஆய்வுகள் 1990-களின் தொடக்கத்தில் நிறைவடைந்தன. 2001-இல் சுரங்கமும் மூடப்பட்டது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்துத் தோண்டிய அந்த ஆழம், தங்கத்தோடு அறிவியலுக்கும் வழி திறந்தது.