லீலோவாவின் மகன் உமி: ஹவாய் அரச குடிவழியும் வரலாற்றுச் சான்றும்

எழுத்து வழக்கு இல்லாத சமூகத்தில் அரச குடிவழி என்பது வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. ஆட்சியுரிமையை நிறுவும் ஆவணமும் அதுவே. 1820-களில் எழுத்தும் அச்சும் பரவும்வரை, ஹவாய்த் தீவுகளின் தலைவர் குடிவழிகள் மனனமாகவே காக்கப்பட்டன. அவற்றுள் கதையும் வரலாறும் கலக்குமிடத்தில் நிற்பவன் உமி. அவனுடைய குடிவழியை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் முறையை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

வாய்மொழி மரபின்படி, உமியின் தந்தை லீலோவா ஹவாய்த் தீவின் வைப்பியோ பள்ளத்தாக்கிலிருந்து ஆண்ட பெருந்தலைவன். தாய் அகாஹி எளிய நிலையில் வாழ்ந்தவள். பிறக்கவிருக்கும் மகனுக்கு அடையாளமாக லீலோவா தன் அரையாடை, திமிங்கிலப் பல் அணி, தண்டம் ஆகியவற்றை அவளிடம் விட்டுச் சென்றான். வளர்ந்தபின் அவற்றுடன் சென்ற உமி, தடையை மீறித் தலைவனின் மடியில் அமர்ந்தான். அது உயிர்த்தண்டனைக்குரிய செயல். ஆயினும் அடையாளங்களைக் கண்ட தந்தை அவனை மகனாக ஏற்றான். லீலோவாவுக்குப்பின் நாடு மூத்தவன் ஹாக்காவுக்கும், போர்த்தெய்வத்தைப் பேணும் உரிமை உமிக்கும் உரியவாயின. பின்னர் உமி, ஹாக்காவை வீழ்த்தித் தீவு முழுவதையும் ஆண்டான்.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். ஹவாய்த் தலைவரின் தகுதி தந்தை, தாய் இருவர் வழியாகவும் கணிக்கப்பட்டது. எனவே தாய்வழிக் குறை உமிக்கு இருந்தது. அவன் லீலோவாவுக்கு வேறொரு மனைவியிடம் பிறந்த கப்புகினியை மணந்தான். அவர்களின் மகன் கேஆவேநூயி உயர்தகுதி பெற்றான். அகாஹியையே பழைய தலைவர் குடியொன்றோடு இணைக்கும் குடிவழிகளும் உள. குறை மணத்தால் மட்டுமன்றி, குடிவழியாலும் நிரப்பப்பட்டது எனலாம். பிற்காலத்தில் இவ்வழி கேஅகாமஹானா, அவள் மகள் கேஅகேஅலானி ஆகிய பெண் தலைவர்கள் வழியாகவும் தொடர்ந்தது.

உமியின் காலம் யாது? அவனுக்கும் 1810-இல் தீவுகளை ஒன்றிணைத்த முதலாம் கமேஹமேஹாவுக்கும் இடையே ஏறத்தாழ 9 தலைமுறைகள் எண்ணப்படுகின்றன. 19-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஃபோர்னாண்டர் தலைமுறைக்கு 30 ஆண்டு எனக் கொண்டார். தொல்லியலாளர் பேட்ரிக் கெர்ச் 20 ஆண்டு எனக் கொள்கிறார். முன்னது 270, பின்னது 180 ஆண்டுகளாகும். பட்டியல் ஒன்றே, கணக்கிடும் முறையால் மட்டும் 90 ஆண்டு வேறுபாடு தோன்றுகிறது. ஆகவே குடிவழி தருவது ஆண்டினை அன்று, வரிசையினை என்பது தெளிவு.

இவ்வரிசையின் அரசியல் ஆற்றல் பிற்காலத்தும் குன்றவில்லை. 1874-இல் தேர்தல்வழி அரியணை ஏறிய காலாகாவுவா, 2,000 அடிகளுக்கு மேற்பட்ட 'குமுலிப்போ' என்னும் குடிவழிப் பாடலை 1889-இல் அச்சிட்டார். 1893-இல் ஆட்சியிழந்த அவர் தங்கை லிலியுஓகலானி, 1897-இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டார். ஒருவர் அரியணையை நிலைநிறுத்தவும், மற்றவர் இழந்த நாட்டின் தொன்மையை உலகுக்கு உணர்த்தவும் குடிவழியையே நாடினர் எனக் கொள்ளலாம்.

எனவே உமியின் மடியமர் நிகழ்ச்சி நடந்ததா என்னும் வினாவோடு நாம் நின்றுவிடலாகாது. அக்கதை யாருடைய உரிமைக்காகப் பேணப்பட்டது என்று வினவும்போதே, குடிவழி நமக்கு வரலாற்றுச் சான்றாகிறது.