உங்களுக்குத் தெரியுமா? செங்கல்பட்டு கிராமங்கள் உலகுக்குச் சொன்ன பதில்

மண்ணூரைச் சுற்றி இன்று தொழிற்சாலைகள். 1968-இல் இது பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கிராமம். அதே மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்து ஊர்களில், அந்த ஆண்டு உலகமே உற்றுநோக்கிய ஓர் ஆய்வு தொடங்கியது. காசநோயை பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையிலேயே தடுக்கிறதா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பெயர் பதிந்தார்கள். சுமார் 2,60,000 பேருக்கு ஊசி போட்டார்கள். மூன்றில் இரு பங்கினருக்குத் தடுப்பூசி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. எது யாருக்கு என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு 15 ஆண்டுகள் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை என்று விடாமல் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பொறுமைக்கே தனி வணக்கம் சொல்ல வேண்டும்.

இதுதான் நோய்ப்பரவியல். மருத்துவர் எதிரே இருக்கும் நோயாளியைப் பார்க்கிறார்; இந்த அறிவியல் ஊரையே பார்க்கிறது. யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை, இருவருக்கும் என்ன வேறுபாடு என்று எண்ணிக் கேட்கிறது.

கிடைத்த பதில் கசப்பானது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. ஆனால் பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பதை வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால்தான் பிறந்தவுடன் அது போடப்படுகிறது.

விடுதி அறையைப் பகிர்ந்து வாழும் தொழிலாளத் தோழர்களே, குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசியை நம்பி இருந்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை.