கண்காட்சி மேசையில் தேறிய ரகங்கள்

இங்கிலாந்துக் கிராமங்களின் மலர், விளைபொருள் கண்காட்சி நமக்குச் சொல்வது என்ன?

இங்கிலாந்தில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள் அறுவடைக் காலம். அப்போது ஏதாவது ஒரு சனிக்கிழமை, கிராமத்துப் பொது மண்டபத்திலோ திடலில் போட்ட கூடாரத்திலோ நீள நீளமாக மேசைகள் போடப்படும். காலையிலேயே ஊர்க்காரர்கள் தங்கள் தோட்டத்துக் காய்கறி, பழம், பூ ஆகியவற்றைக் கொண்டுவந்து தட்டுகளில் அடுக்குவார்கள். வீட்டில் செய்த ஜாம், ஊறுகாய், கேக், தேன், முட்டை ஆகியவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. அடுக்கி முடித்ததும் எல்லோரும் வெளியேற வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு நடுவர்கள் பார்வையிடுவார்கள். மதியம் கதவு திறக்கும்போது வென்ற தட்டுகளின் பக்கத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள் அட்டைகள் இருக்கும். அங்கே சிவப்புதான் முதல் பரிசு.

பரிசுத் தொகை பெரும்பாலும் ஒரு கோப்பைத் தேநீருக்குக்கூடக் காணாது. ஆனாலும் அந்த அட்டைக்காக ஆண்டு முழுவதும் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. வேளாண் துறை, விரிவாக்க அலுவலர், ஆராய்ச்சிப் பண்ணை எதுவும் இல்லாத காலத்தில், நல்ல ரகத்தை அடையாளம் காணவும் சாகுபடி நுட்பத்தைப் பரப்பவும் இந்தக் கண்காட்சி மேசைகள்தான் உதவின.

கூலித் தொழிலாளிக்குக் கால் ஏக்கர்

ஜான் ஸ்டீவன்ஸ் ஹென்ஸ்லோ, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். 1831-இல் தன் மாணவர் சார்லஸ் டார்வினை ‘பீகிள்’ கப்பல் பயணத்துக்குப் பரிந்துரைத்தவர் இவர். ஆனால் விவசாயிகள் அவரை வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1830-களின் இறுதியில் அவர் சஃபோக் மாவட்டத்தில் ஹிட்சம் என்ற கிராமத்துக்குப் பாதிரியாராகக் குடிவந்தார். அங்கே நிலம் பெரிய பண்ணையாளர்கள் கையில் இருந்தது. மற்றவர்கள் நாள்கூலிக்கு வேலை செய்தவர்கள். வேலை இல்லாத நாளில் அடுப்பு எரியாத நிலை. ஹென்ஸ்லோ அந்தக் கூலித் தொழிலாளர்களுக்குக் கால் ஏக்கர் வீதம், அதாவது நம் கணக்கில் 25 சென்ட் வீதம், குத்தகைக்குக் கிடைக்க ஏற்பாடு செய்தார். மண்வெட்டியால் கொத்தியே பயிரிட வேண்டிய நிலம் அது.

பண்ணையாளர்கள் கொதித்தார்கள். சொந்தமாகப் பயிர் வைப்பவன் நம் வயலில் ஒழுங்காக வேலை செய்ய மாட்டான் என்பது அவர்கள் வாதம். 1852-இல், இப்படி நிலம் வைத்திருக்கும் எந்தக் கூலித் தொழிலாளிக்கும் வேலை தருவதில்லை என்று கூடி முடிவெடுத்தார்கள். ஹென்ஸ்லோ பின்வாங்கவில்லை. அந்தக் குத்தகை நிலங்கள் நிலைத்தன.

அந்த நிலங்களின் விளைச்சலை ஊரறியச் செய்தவை அவர் தன் வீட்டுத் தோட்டத்தில் நடத்திய தோட்டக்கலைக் கண்காட்சிகள். தொழிலாளர்கள் காய்கறியும் பழமும் பூவும் கொண்டுவந்து பரிசு பெற்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் திரட்டிய காட்டுப் பூக்களுக்கும் பரிசு கொடுத்தார். கூடாரத்தில் பல்வேறு மாதிரிகளை வைத்து, ஒவ்வொன்றைப் பற்றியும் சில நிமிடங்கள் எளிய சொற்களில் பேசுவார். இன்று நாம் வயல்வெளிப் பள்ளி என்று சொல்வதற்கு மிக நெருக்கமான முயற்சி இது.

எதிர்த்து நின்ற பண்ணையாளர்களையும் அவர் அதற்கு முன்பே பாடம் கேட்க வைத்திருந்தார். 1843-இல் சஃபோக் விவசாயிகளுக்குப் பத்திரிகையில் தொடர் கடிதங்கள் எழுதினார். எருக்குழியில் ஜிப்சம் தூவினால் அம்மோனியா வீணாகாமல் நிற்கிறதா என்று ஒவ்வொருவரும் தங்கள் பண்ணையிலேயே சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். எப்படிச் சோதிப்பது, எதைக் குறித்து வைப்பது என்பதையும் சொல்லிக்கொடுத்தார். விவசாயியின் வயலையே ஆய்வுக்களமாக்கும் முறை அப்போதே தொடங்கிவிட்டது.

நடுவர் எதைப் பார்க்கிறார்?

கிராமக் கண்காட்சிகள் பலவற்றில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் விதிகள்தான் அளவுகோல். 1804-இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கம், ஒவ்வொரு காய்க்கும் பழத்துக்கும் எந்தக் குணத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கையேடு வெளியிடுகிறது. பொருளின் நிலை, வடிவம், அளவு, நிறம், ஒரே சீராக இருத்தல் ஆகியவை முக்கியமானவை.

இதில் ‘ஒரே சீர்’ என்பதுதான் பலரைத் தோற்கடிக்கும். ஐந்து உருளைக்கிழங்கு வைக்கச் சொன்னால் ஐந்தும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்க வேண்டும். நான்கு நடுத்தரமும் ஒன்று பெரிதுமாக வைத்தால், அந்தப் பெரிய கிழங்கே மதிப்பெண்ணைக் குறைத்துவிடும்.

பச்சைப் பட்டாணியின் மேல் இருக்கும் வெண்மாவு கலையாமல் இருக்க வேண்டும். அதனால் காம்பைப் பிடித்துத்தான் பறிப்பார்கள். தக்காளியில் காம்பும் பச்சைப் புல்லிவட்டமும் வாடாமல் இருக்க வேண்டும். உருளையில் கண்கள் ஆழமில்லாமல் இருக்க வேண்டும். பீன்ஸ் காயை நடுவர் ஒடித்துப் பார்ப்பார்; ‘டப்’ என்று ஒடிந்தால் புதிது, நார் இழுத்தால் முற்றல்.

அட்டவணையில் சொன்ன எண்ணிக்கைக்கு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தட்டு போட்டியிலிருந்து விலக்கப்படும். ‘அட்டவணைப்படி இல்லை’ என்று குறிப்பு எழுதி வைத்துவிட்டு நடுவர் நகர்ந்துவிடுவார். நம் சந்தையில் தரம் பிரிப்பதைப் பற்றிப் பல பயிற்சி முகாம்களில் பேசுகிறோம். கலப்படமான ஒரு பெட்டி தக்காளியை வியாபாரி ஏன் குறைத்துக் கேட்கிறார் என்பது, இப்படி ஒரு மேசை முன் ஒருமுறை நின்று தோற்றவருக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

8 கிராம் பழம் 58 கிராம் ஆனது

கண்காட்சிகளால் ஒரு பயிர் எவ்வளவு மாறும் என்பதற்குக் கூஸ்பெர்ரி நல்ல சான்று. பெயரை வைத்து இதை நெல்லி என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள்; நம் நெல்லிக்கும் இதற்கும் உறவில்லை. இது குளிர்ப் பகுதியில் வளரும் முட்புதர். பழம் புளிப்பும் இனிப்புமாக இருக்கும்.

இங்கிலாந்தின் வடபகுதியில், குறிப்பாக லங்காஷயரில், நெசவாளர்களும் சிறு கைத்தொழிலாளர்களும் தங்கள் வீட்டுக் கொல்லையில் இதை வளர்த்து, யாருடைய பழம் எடை கூடுதல் என்று போட்டி வைத்தார்கள். வென்ற பழத்தின் ரகம், எடை எல்லாவற்றையும் ஆண்டுதோறும் பதிவேடாக அச்சிட்டார்கள். 1845-இல் மட்டும் 171 கண்காட்சிகள் நடந்தன. 1862-ஆம் ஆண்டுப் பதிவேட்டில், அதுவரை பரிசு பெற்ற ரகங்களாக 243 பெயர்கள் உள்ளன.

டார்வின் 1868-இல் வெளியிட்ட, வளர்ப்புத் தாவரங்கள், விலங்குகள் பற்றிய நூலில் இந்தப் பதிவுகளை எடுத்துக்காட்டுகிறார். அவர் தரும் எடைகளைக் கிராமுக்கு மாற்றினால் கணக்கு இப்படி வருகிறது: காட்டுப் பழம் சுமார் 8 கிராம், 1786 வாக்கில் கண்காட்சிக்கு வந்த பழம் சுமார் 15 கிராம், 1817-இல் 41 கிராமுக்கு மேல், 1852-இல் ‘லண்டன்’ என்ற ரகத்தின் பழம் 58 கிராம். காட்டுப் பழத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல்.

இதைச் சாதித்தவர்கள் பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் அல்லர். விதை போட்டு முளைத்த கன்றுகளில் நல்லதைத் தேர்ந்தெடுத்தார்கள். தேறியதைக் குச்சி நட்டுப் பெருக்கினார்கள். குச்சியில் வளர்வதால் தாயின் குணம் மாறாமல் வந்தது. கூடவே சாகுபடி நுட்பமும் சேர்ந்தது. புதரில் சில காய்களை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளினார்கள். காய்க்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து ஈரப்பதம் காத்தவர்களும் உண்டு.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் நோய் இந்தப் பயிரைத் தாக்கியது. கண்காட்சிகளும் குறைந்தன. இன்று செஷயரின் சில கிராமங்களிலும், வடக்கு யார்க்‌ஷயரில் எக்டன் பிரிட்ஜ் என்ற ஊரிலும் அவை தொடர்கின்றன. எக்டன் பிரிட்ஜ் கண்காட்சி 1800-இல் தொடங்கியது. அங்கே 2019-இல் எடைபோட்ட ஒரு பழம் 64.83 கிராம், அது உலகச் சாதனை.

இந்த எண்களைச் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். 1786-இலிருந்து 1852 வரை 66 ஆண்டுகளில் எடை ஏறக்குறைய நான்கு மடங்கானது. அதன் பிறகு 167 ஆண்டுகளில் கூடியது 7 கிராம்தான். தேர்வு செய்யச் செய்ய முன்னேற்றம் குறைவது இயல்பு. ஆனால், தேர்வு செய்யும் கைகளும் கண்காட்சிகளும் குறைந்ததற்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கருத்து. நூறு ஊரில் ஆயிரம் பேர் தேடினால் கிடைக்கும் அபூர்வக் கன்று, பத்துப் பேர் தேடினால் கிடைப்பது அரிது.

குறைகளும் உண்டு

கண்காட்சி எதற்குப் பரிசு கொடுக்கிறதோ, பயிர் அந்தத் திசையில்தான் போகும். அளவுக்குப் பரிசு என்றால் அளவு வளரும்; சுவை பின்தங்கலாம். கையேட்டில் பெரும்பாலான காய்களுக்குச் சுவைக்கு மதிப்பெண்ணே கிடையாது. ராட்சத வெங்காயம் மேசையில் பிரமாதமாக இருக்கும். சமையலுக்கு யாரும் அதைத் தேடுவதில்லை.

போட்டி முற்றினால் உறவும் கெடும். வடகிழக்கு இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே லீக்ஸ் வளர்ப்புப் போட்டி புகழ்பெற்றது. பரிசுகள் பெரிதாகப் பெரிதாக, இரவில் புகுந்து போட்டியாளரின் பயிரை வெட்டிவிடும் சம்பவங்களும் நடந்தன. பரிசைச் சிறியதாக வைத்திருக்கும் ஊர்கள் புத்திசாலி ஊர்கள்.

நம் ஊரில் நடத்தினால்

ஊட்டியில் 1896-இல் தொடங்கிய மலர்க் கண்காட்சி இதே மரபிலிருந்து வந்தது. குன்னூர் பழக் கண்காட்சியும் கோத்தகிரி காய்கறிக் கண்காட்சியும் அதன் தொடர்ச்சி. இன்று இவற்றுக்குப் பெரும்பாலும் வருபவர்கள் சுற்றுலாப் பயணிகள். மறுபக்கம், திருத்துறைப்பூண்டி ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா, 2 கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற எளிய ஏற்பாட்டால் பாரம்பரிய ரகங்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. இந்த இரண்டுக்கும் நடுவே, ஊராட்சி அளவில் ஒரு நாள் விளைபொருள் போட்டிக்கு இடம் இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ மகளிர் குழுவோ பள்ளியோ நடத்தலாம். ஒரு பந்தலும் சில மேசைகளும் போதும்.

* எண்ணிக்கையைத் தெளிவாகச் சொல்லுங்கள்: கத்தரி 5, முருங்கைக்காய் 5, சின்ன வெங்காயம் 1 கிலோ, வாழை ஒரு சீப்பு, மல்லிகை மொட்டு 100 கிராம் என்பதுபோல.

* ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அட்டை வையுங்கள்: ரகத்தின் பெயர், விதை எங்கே வாங்கியது, விதைத்த தேதி, இட்ட உரம், தெளித்த மருந்து. வளர்த்தவர் பெயர் அட்டையின் பின்பக்கம் இருக்கட்டும். முடிவு சொன்ன பிறகு அட்டையைத் திருப்பலாம்.

* நடுவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். ஏன் முதல் பரிசு, ஏன் இல்லை என்று இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். தோற்றவருக்குத்தான் அந்த இரண்டு வரி அதிகம் தேவை.

* குத்தகை விவசாயிகள், சிறு, குறு விவசாயிகள், வீட்டுத் தோட்டம், பள்ளி மாணவர்கள் ஆகியோருக்குத் தனித்தனிப் பிரிவு வையுங்கள். ஐந்து ஏக்கர்காரரையும் ஐந்து சென்ட்காரரையும் ஒரே தட்டில் நிறுத்தக் கூடாது.

* சுவைக்கு ஒரு பிரிவு தேவை. கத்தரியோ அவரையோ ஒரே அளவு உப்பு, தண்ணீர் விட்டு வேகவைத்து, பெயர் போடாமல் எண் மட்டும் போட்டு ஊர்ப் பெண்களையும் ஆண்களையும் ருசி பார்க்கச் சொல்லலாம்.

* விளைச்சலுக்கு ஒரு பிரிவு வையுங்கள். ஒரு செடியில் மூன்று காய் மட்டும் விட்டுப் பெருக்க வைப்பது எளிது. அது விளைச்சல் ஆகாது. அடுத்தடுத்து நிற்கும் பத்துச் செடிகளில் எல்லாப் பறிப்பையும் எடைபோட்டுக் குறித்துவைக்கச் செய்யுங்கள்.

விதை எடுப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். பரிசு பெற்றது வீரிய ஒட்டு ரகம் என்றால் அதன் விதையை எடுத்து விதைக்காதீர்கள்; அடுத்த தலைமுறையில் குணம் சிதறிவிடும். நாட்டு ரகமாக இருந்தாலும் ஒரு பெரிய காயை மட்டும் பார்த்து விதை எடுக்காமல், நோயின்றி நிறையக் காய்த்த செடியைப் பார்த்து எடுங்கள். பூசணி, சுரை, பீர்க்கு போன்றவை அயல் மகரந்தச் சேர்க்கை கொண்டவை. முந்தைய மாலையே பெண் பூவையும் ஆண் பூவையும் மூடிக் கட்டிவைத்து, பூ மலர்ந்ததும் கையால் மகரந்தம் சேர்த்து, மறுபடி மூடிய காயிலிருந்து விதை எடுத்தால்தான் ரகம் தூய்மையாக இருக்கும்.

வாழைக் கன்று, மரவள்ளிக் குச்சி போன்றவற்றைக் கண்காட்சியில் கைமாற்ற வேண்டாம். வாழையில் முடிக்கொத்து நோயும் மரவள்ளியில் தேமல் நோயும் நடவுப் பொருள் வழியாகவே புதிய ஊருக்குப் போகும். தாய்ச் செடியை வயலில் நேரில் பார்த்து, நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு வாங்குவதே நல்லது.

கண்காட்சி முடிந்ததும் எல்லா அட்டைகளையும் ஒரு நோட்டில் ஒட்டி ஊராட்சி அலுவலகத்தில் வையுங்கள். ஐந்து ஆண்டுகள் இப்படிச் சேர்ந்தால், எந்த ரகம் நம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஒத்துவருகிறது என்று கேட்க யாரும் வெளியே போக வேண்டியதில்லை. லங்காஷயர் நெசவாளர்கள் தங்கள் பதிவேட்டில் செய்தது இதைத்தான்.