விடுதி எழாத வெந்நீர்க்கரை

பெல்ஜிய நாட்டிலே ஸ்பா என்று ஓர் ஊர் உண்டு. அங்கு நிலத்திலிருந்து ஊறும் தாதுநீரைப் பருகினும் அதில் மூழ்கினும் நோய் நீங்குமென்று நம்பிப் பல நூற்றாண்டுகளாக மாந்தர் சென்று வந்தனர். நாளடைவில் அவ்வூரின் பெயரே அத்தகைய நீராட்டூர்களுக்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. இன்று நம் பாசிக்குடாக் கடற்கரையில் எழுந்துள்ள உல்லாச விடுதிகளின் விளம்பரங்களிலும் அச்சொல்லைக் காண்கிறோம். எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் அறை என்பதே அங்கு அதன் பொருள். மண் தானே காய்ச்சித் தரும் நீர் அங்கில்லை. அது வாவிக்கு மேற்கே, படுவான்கரையையுங் கடந்து, மகாஓயாவில் இருக்கிறது. ஆயினும் அந்நீரின் கரையிற் பெயர்பெற்ற விடுதி எதுவும் எழவில்லை. ஏன் எழவில்லை என்னும் வினா நெடுங்காலமாக என் நெஞ்சில் இருந்து வருவது.

செங்கலடியிற் பிரியும் பதுளை வீதி கறுத்தப்பாலத்தைக் கடந்து, கரடியனாறு, புல்லுமலை வழியாக மேற்கு நோக்கி ஏறுகிறது. வயல்கள் குறைந்து காடு மிகும். அடிவானில் மலைகளின் நீலக்கோடு தெரியத் தொடங்கும். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை மகாஓயாவும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. ஊரிலிருந்து சிறிது தொலைவில், தாழ்ந்த சுற்றுக்கட்டுடைய சிறு கிணறுகளில் வெந்நீர் ஊறுகிறது. வெப்பம் ஏறத்தாழ 55 பாகை. நாங்கள் சென்றிருந்தபோது உடன்வந்த ஆசிரிய நண்பர், அந்நீரில் முட்டை அவியும் என்று சாதித்தார். முட்டை அவிய அது போதாது. கை பொறுக்கவும் முடியாது. அங்கு நீராடிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் ஒரு கிணற்றில் அரைவாளியும், வெப்பங் குறைந்த மற்றொன்றில் அரைவாளியும் மொண்டு கலந்து முழங்காலில் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும், "முதல்ல காலுக்கு ஊத்துங்க மனே, தலைக்குப் பொறகு" என்றார். அப்பேச்சு படுவான்கரைப் பேச்சு.

எரிமலை இல்லாத ஈழத்தில் இவ்வெப்பம் எங்கிருந்து வந்தது? நாட்டின் நடுவிலுள்ள மலைநாட்டுப் பாறைத்தொகுதியும், கிழக்கே நாம் வாழும் விஜயன் பாறைத்தொகுதியும் ஒன்றையொன்று தொடும் எல்லையை ஒட்டியே நம் வெந்நீரூற்றுக்களுட் பல அமைந்துள்ளன. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள நிலச்சூட்டினாற் காய்ந்து, வேறொரு பிளவு வழியே மேலேறி வருகிறது. அக்கினியும் இல்லை, அற்புதமும் இல்லை. நெடும் பயணம் ஒன்றே உண்டு.

இங்கிலாந்தின் பாத் நகர் ஊற்றின் வெப்பம் 46 பாகைதான். மகாஓயா அதனினும் வெம்மையானது. ஆயினும் பாத் நகரத்தில் உரோமர் ஊற்றைச் சுற்றி ஈயத்தகடு பதித்த நீர்த்தேக்கமும் நீராட்டு மண்டபங்களும் எடுத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே செல்வர் கூடி நீர் பருகவும் உரையாடவும் பெருமண்டபம் ஒன்று எழுந்தது. 1767க்கும் 1774க்கும் இடையில் முப்பது வீடுகளை இளம்பிறை வடிவில் ஒரே முகப்பாக நிறுத்தினார் இளைய யோன் வூட். இன்று செக் நாட்டிலுள்ள கார்ல்ஸ்பாத்தில் 1871 முதல் 1881 வரை கட்டப்பெற்ற தூண்மண்டபத்துக்கு 124 தூண்கள். கையிற் குவளையுடன் வெந்நீரைச் சிறிது சிறிதாய்ப் பருகியவாறு, மழையிலும் நனையாமல் உலாவுவதற்கென்றே அமைந்தது அது. அங்குள்ள பூப் என்னும் பெருவிடுதியின் வரலாறு 1701இலிருந்து தொடங்குகிறது. கேத்தே போன்ற பெருங்கவிஞர் பன்முறை வந்து தங்கிய ஊர் அது. இவற்றையெல்லாம் எழுப்பியது வெந்நீரன்று. வாரக்கணக்கில் வேலையின்றித் தங்கக்கூடியவர்களின் ஓய்வும், அவர்தம் கைப்பொருளுமே அவற்றை எழுப்பின.

இலங்கையை ஆண்ட ஆங்கிலேயரிடம் ஓய்வும் இருந்தது, பொருளும் இருந்தது. எனினும் வேர்த்துக் களைத்த அவர்கள் நாடியது குளிரை. ஆளுநர் எட்வேட் பாண்ஸ் 1828ஆம் ஆண்டளவில் நுவரெலியாவிற் கட்டிய மாளிகை பின்னர் கிராண்ட் ஹோட்டலாயிற்று. வெப்ப நாட்டிலே வெந்நீருக்குக் காசு கொடுப்பார் யார்? வெந்நீரூற்றுக்கள் மருத்துவர் யோன் டேவி போன்ற அறிஞர் அளந்து குறிப்பெழுதும் விந்தைப்பொருளாயின. திருகோணமலைக் கன்னியா ஊற்றுக்களைப் பற்றி அவர் 1821இல் வெளியிட்ட நூலிற் காணலாம்.

காட்டு வீதிகளுக்கு அவர்கள் தந்த கட்டிடம் வேறு. அதுவே வாடி வீடு. ஒல்லாந்தர் தொடங்கிய வழக்கை ஆங்கிலேயர் வீதிகள்தோறும் விரித்தனர். மட்டக்களப்பிலும் கல்குடாவிலும் இருந்த வாடி வீடுகளை முதியோர் அறிவர். 'வாடி' என்பது நம் மீனவர் பருவகாலத்தில் தங்கும் கொட்டிலுக்கும் பெயர். வந்து தங்கிப் போவதற்குரிய இடம் என்னும் குறிப்பு அச்சொல்லிலேயே இருக்கிறது. அதன் கட்டட அமைப்பும் அதற்கேற்றதே. மாடியில்லை. தடித்த சுவர், உயர்ந்த ஓட்டுக்கூரை, முன்னே தூண்கள் தாங்கும் அகன்ற விறாந்தை, அதற்குப் பின்னே வரிசையாகச் சில அறைகள். அறையின் முன்கதவும் பின்கதவும் நேர்க்கு நேர் நின்று காற்றை ஊடறுத்துச் செல்லவிடும். புகையும் தீயும் அண்டாதவாறு குசினி பின்புறம் தனியே நிற்கும். மாலையில் வந்தவன் சாய்கதிரையில் இளைப்பாறி, இரவு உறங்கி, காலையிற் புறப்பட வேண்டும். கார்ல்ஸ்பாத் மண்டபத்துக்கும் தூண் உண்டு, வாடி வீட்டு விறாந்தைக்கும் தூண் உண்டு. முன்னது தங்கி உலாவுவோருக்கு, பின்னது புறப்படப் போகின்றவருக்கு. என் கண்ணுக்குப் பின்னதே அழகு.

நம்மவர் வெந்நீரைத் தேடவில்லை என்று எண்ணற்க. கன்னியாவில் ஏழு கிணறுகள். இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தை ஏழிடத்திற் குத்தி அவற்றைத் தோற்றுவித்தான் என்பது வழிவழி வருங் கதை. திருகோணமலைத் தமிழர் இறந்தோருக்குரிய அந்தியேட்டிக் கிரியையை அங்கே செய்வர். நீர் மொண்டு ஊற்றித் துயர் கழுவி அன்றே வீடு திரும்புவர். நம் மட்டக்களப்பார் ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தமாடுவதும் அவ்வாறே. இழவு கழிக்க வந்தவனுக்கு இசைக்குழுவும் ஆடலரங்கும் எதற்கு? நிழல் தரும் மடமும், உடை மாற்ற ஒரு மறைவும் போதும். நம் வெந்நீர்க்கரைகளில் மாளிகை எழாமைக்கு வறுமை ஒரு காரணமெனின், இவ்வழக்கம் மற்றொன்று.

இது பழங்கதை மட்டுமன்று. ஊற்றருகே கட்டிடம் எழுப்புவோர் ஊற்றையே தமதென்பர். கன்னியாவில் பிள்ளையார் கோயில் இருந்த நிலத்தில் விகாரை கட்டும் முயற்சியை எதிர்த்து 2019 யூலையில் தமிழ் மக்கள் திரண்டதும், திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் வாசகர் அறிந்தவையே. மகாஓயாவிலோ சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கிணற்றடியில் வாளி மாற்றிக்கொள்கின்றனர். அங்கும் ஒரு 'ஸ்பா' விடுதி எழுந்தால் நாடு முன்னேறுமென்று நண்பர் சிலர் என்னிடம் வாதிடுவதுண்டு. நீச்சற்குளம், மதில், நுழைவுச்சீட்டு, பின்னர் அம்மூதாட்டி எங்கே நிற்பது என்று கேட்டேன். விடை கிடைக்கவில்லை.

குளத்தில் வெந்நீரைத் தேக்கினால் வேறோர் இடரும் உண்டு. பாத் நகரத்தில் ஊற்றுநீரில் நீந்திய சிறுமி ஒருத்தி, அந்நீரில் வாழ்ந்த நுண்ணுயிர் மூளையைத் தாக்க 1978இல் இறந்தாள். உரோமர் காலத்திலிருந்து புகழ்பெற்ற அவ்வூற்றில் நீராடுவது அதனோடு நின்றது. ஆழத்துளையிட்டுத் தூயநீர் எடுத்துப் புதிய நீராட்டு நிலையம் திறப்பதற்கு 2006 ஆயிற்று. மூக்கினுள் நீர் ஏறவே அந்நுண்ணுயிர் உட்புகும். வாளியால் மொண்டு முதலிற் காலுக்கு ஊற்றும் நம்மவர் முறையை நாகரிகமற்றதென்று தள்ளுவோர் இதனையும் எண்ணுக.

கட்டித்தான் ஆகவேண்டுமெனின், வாடி வீட்டின் அளவில் ஒன்று கட்டலாம். கிணறுகளை வளைக்காமல் நூறடியேனும் தள்ளி, மரநிழல் கெடாமல், ஓட்டுக்கூரையுடன் நான்கு அறை, நோயாளர் அமர அகன்ற விறாந்தை, பெண்கள் உடை மாற்றத் தனிக்கூடம், வெந்நீரோடு கலக்கத் தண்ணீர்க் குழாய் ஒன்று, பின்னே குசினி. இரவு தங்குவோரிடம் காசு வாங்குக. வாளியுடன் வருவோரிடம் எதுவும் வாங்கற்க.